கவ்வாத்துச் சாமியும் மாமாவின் காலும்

குறுக்குப் பாதையில் போனால் பூண்டுலோயாவுக்குச் சீக்கிரம் இறங்கிவிடலாம். ஆனால் அன்று அந்தப் பக்கத்து மலையில் பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். முந்தின நாள் அப்படித்தான் செய்தார்கள். அதனால் லொறி போகும் ரோட்டைப் பிடித்து, வளைவுக்கு வளைவு சுற்றி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் சாரம், கம்பளிச் சட்டை, போன் சார்ஜர். பல இடங்களிலிருந்து நான் இப்படிக் கிளம்பியிருக்கிறேன். கொழும்பில் ஹார்ட்வெயார் கடை, திருகோணமலையில் கட்டட வேலை, புத்தளத்தில் உப்பளம். எங்கிருந்து கிளம்பினாலும் கொஞ்ச தூரம் நடந்ததும் மனம் லேசாகிவிடும்.

அன்று ஆகவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கவ்வாத்து மலையில் என்னை நிறுத்தி, எனக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, என் மாமாவுக்கு ஒரு பதில் வாங்க இருந்தார்கள். அந்தப் பதிலைச் சொல்லாமல்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது போன கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தேயிலை மரத்தைச் சும்மா விட்டால் ஆளுக்கு மேலே வளர்ந்துவிடும். சில வருஷத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதுதான் கவ்வாத்து. முதல் நாள் மரத்தில் கத்தி படும் முன், மலையோரத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, எல்லோருடைய கத்தியையும் அதன் முன்னால் அடுக்கி, சேவல் அறுப்பார்கள். அந்தக் கல்தான் கவ்வாத்துச் சாமி. மாரியம்மனைப் போல அவருக்குக் கோயில் கிடையாது, தேர் கிடையாது. யார் மேலும் வந்து ஆடியதும் கிடையாது. வெட்டுகிறவன் காலில் கத்தி படாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேலை முடிந்தால் கல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதே மலையைப் போன தடவை வெட்டியபோது சேவல் வாங்கும் பொறுப்பு மாமாவுடையது. நாட்டுச் சேவல் எங்கும் கிடைக்கவில்லை. டவுனுக்குப் போய் ஒரு பார்ம் கோழியை உயிரோடு வாங்கி வந்துவிட்டார். தீனி தின்று கொழுத்த வெள்ளைக் கோழி. கல்லுக்கு முன்னால் இறக்கி விட்டால் அதனால் நிற்க முடியவில்லை. இரண்டு காலும் மடங்கி உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தாராம். அந்தக் கவ்வாத்து முடிவதற்குள் கத்தி வழுக்கி அவர் காலில் இறங்கியது. காயம் சின்னதுதான். உடம்பில் சீனி வியாதி இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. ஆறாமல் வருஷக் கணக்கில் இழுத்தது. கடைசியில் கறுத்தது. காலை எடுத்தார்கள்.

"நிக்க முடியாத கோழிய குடுத்தேன். என்னையும் நிக்க முடியாம ஆக்கிட்டான்" என்று மாமா யார் வந்தாலும் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அதை அப்படியே நம்பினார். ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த செயற்கைக் கால் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தது. சாமி எடுத்ததைத் திருப்பி மாட்டிக்கொண்டால் மிச்சமிருக்கிற காலையும் கேட்பான் என்பது அவர் பயம். மாட்டி நடக்காமல் இப்படியே உட்கார்ந்திருந்தால் முட்டி மடங்கியபடி இறுகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் காலும் பொருந்தாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நான் போன போதே அவரால் முட்டியை முழுவதும் நீட்ட முடியவில்லை.

நான் அவர்களிடம் போனது வேலை இல்லாததால். தோட்டத்தில் ஆம்பிளைகள் குறைந்துபோனதால் கவ்வாத்துக்கு ஆள் தேடினார்கள். மாமாவின் பழைய கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்றேன், பெயரை எழுதிக்கொண்டார்கள். இந்தத் தடவை நல்ல நாட்டுச் சேவல், செங்கறுப்பு நிறம். பூசை குறையில்லாமல் முடிந்தது.

அன்று பனிமூட்டமாக இருந்தது. பக்கத்து நிரை ஆள் தெரியவில்லை, கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மரத்தின் நடுக்கிளையை வெட்டினேன். வெட்டுவாயிலிருந்து பச்சை வாசம் வந்தது. அடுத்த கிளைக்குக் கத்தியை ஓங்கியபோது, ஓங்குகிறவன் இல்லை. இதை வேறு எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கத்தி இருந்தது, கை இருந்தது, மரம் இருந்தது, மூட்டம் இருந்தது. எதுவும் தனித்தனியாக இல்லை. தூரத்தில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் என் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. கீழே ரோட்டில் போன லொறியும், விழுந்த கிளையும், சற்று முன் செத்த சேவலும் எனக்கு வெளியே இல்லை. சாமி வந்தது என்று சொல்ல முடியாது. வருவதற்கு வெளியே ஓர் இடம் வேண்டுமே. சாமி மட்டும்தான் இருந்தது. நான் எங்கும் போகாமலே இல்லாமல் போயிருந்தேன். பயம் துளியும் இல்லை. அடுத்த வேளைச் சாப்பாடு எங்கே, அடுத்த படுக்கை எங்கே என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து பயந்தபடியே வாழ்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று சொல்லி விளக்க முடியாது.

பிறகு என் தோளை யாரோ உலுக்கினார்கள். நான் நின்றபடியே அழுதுகொண்டிருந்தேன். கத்தி மரத்தின் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. வைத்தது எனக்கு ஞாபகம் இல்லை. சுற்றிலும் ஆட்கள். பூசை செய்த பூசாரி திருநீற்றை என் நெற்றியில் அப்பினார். அவரும் எங்களோடு கத்தி பிடிக்கிறவர்தான்.

"யாரு வந்திருக்கீங்க? பேர சொல்லுங்க."

"யாரும் வரல" என்றேன்.

"யாரும் வராமத்தான் இந்த அழுவ அழுவுறீங்களா? மாரியா, முனியா? கவ்வாத்துச் சாமியா?"

"யாரும் வரல. எல்லாம் இங்கதான் இருக்கு."

கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கத்தியைக் கீழே வைத்தார்கள். அந்த வார்த்தை ஏன் வாயில் வந்ததென்று தெரியவில்லை. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் மறுபடி வேலை நடந்திருக்கும்.

சத்தம் கேட்டு வந்த கண்டாக்கு என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தர் அவர். "இது காக்கா வலிப்பு. டிஸ்பென்சரிக்கு அனுப்புங்க. மத்தவங்க வேலைய பாருங்க" என்றார்.

"கண்டாக்கையா, வலிப்பு வந்தவன் கத்திய இப்பிடி பக்குவமா எறக்கி வைப்பானா? நீங்க போன மாசம் படியில விழுந்தப்ப கையில இருந்த போன ஒடைச்சுக்கிட்டுல்ல எந்திரிச்சீங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் கத்தியை எடுக்கவில்லை. பேசாத சாமி பேசியிருக்கிறது, இந்த மலையில் ஏற்கெனவே ஒரு கால் போயிருக்கிறது, என்ன குறை என்று கேட்காமல் வெட்டக் கூடாது என்றார்கள். வெள்ளிக்கிழமை இன்னொரு பூசை வைத்து, என்னை நிறுத்திக் கேட்பதாக முடிவானது. முதல் கேள்வி மாமாவின் கால். அதை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எனக்குப் பயம் அப்போதுதான் தொடங்கியது. கண்டாக்கு சொன்ன வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வலிப்பாக இருந்தால்? ஆஸ்பத்திரியில் காட்டினால் நோய் என்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், பிறகு அது வராமல் போய்விடலாம். நோயில்லை என்று சொன்னால், அப்போது அது என்ன? இரண்டில் எதைக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

லயத்து வீட்டுக்கு வந்தால் அத்தை என்னை "வாங்க" என்றார். அதுவரை "வாடா, போடா, தின்னுட்டுப் போடா" என்றுதான் பேசுவார். சோற்றைத் தனித் தட்டில் வைத்தார். மாமா மட்டும் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க நினைத்ததை அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தார்.

மறுநாள் காலை, குளிக்கப் பீலியடிக்குப் போனேன். மலையிலிருந்து குழாயில் விழும் தண்ணீர், கை விறைத்துப்போகும். அத்தை குடத்தோடு பின்னால் வந்தார். வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"டேய், ஒன்னு சொல்றேன், கேப்பியா?"

"நேத்துலருந்து நீங்க, வாங்கன்னு சொன்னீங்களே அத்தை."

"அது சாமிக்கு. இப்ப உன்கிட்டதான் பேசுறேன். நாளைக்கு கேப்பாங்கள்ல, அப்ப மாமாவ பாத்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. கால மாட்டிக்கன்னு."

"எனக்கு சாமி வரல அத்தை."

"வந்திச்சோ வரலையோ, வந்த மாரி நில்லு. டாக்டர் சொல்லி கேக்கல. நான் தலையால தண்ணி குடிச்சு பாத்துட்டேன். கீழ் டிவிசன் சர்ச்சுல பாதர்கிட்டகூட கூட்டிக்கிட்டு போனேன். அந்த மனுசன்கிட்டயும் கோழிக் கதைய சொல்லிட்டு வர்றாரு. பாதர் பாவம், சிரிக்கிறதா ஜெபிக்கிறதான்னு தெரியாம நின்னாரு." குடம் நிரம்பி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. "முட்டி போச்சுன்னா அவரு கத முடிஞ்சிச்சுடா. நான் எத்தன நாளைக்கு தூக்கி எறக்குறது? என் இடுப்ப பாரு."

குடத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். சரி என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்குப் புதிதல்ல. வேலை கேட்ட இடத்திலெல்லாம் தெரியாத வேலையைத் தெரியும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாமா அந்தச் சொல்லை நம்பிக் காலை மாட்டி, படியில் சறுக்கி மற்றக் காலையும் உடைத்துக்கொண்டால்? அப்போது அவர் கோழியை விட்டுவிட்டு என்னைக் குறை சொல்வாரா, சாமியைக் குறை சொல்வாரா? இதைவிடப் பெரிய பயம் வேறொன்று. கற்பூரத்துக்கு முன்னால் நின்று நடிக்கப்போகும் நேரத்தில் அது உண்மையாகவே வந்துவிட்டால்? அந்த நிலையில் கத்தியும் காலும் வேறு வேறு இல்லை. அதை என் வாய் சொல்லிவிடும். காலை இழந்தவனுக்கு முன்னால், அவன் மனைவிக்கு முன்னால், ஒன்றும் போகவில்லை என்று சொல்லிவிடும். அத்தையின் இடுப்பைப் பார்த்த பிறகு அதை எப்படிச் சொல்வது?

அத்தை கொழுந்து மலைக்குப் போனதும் பையை எடுத்தேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார்.

ரோட்டில் பாதி வழியில் ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. ஓட்டியவர் எங்கள் தோட்டத்து ஆள், பார்த்த முகம்.

"சாமி டவுனுக்கா? ஏறுங்க. காசு வேணாம், ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். எனக்கு டுபாய் விசா வருமா?"

"வராதுன்னு சொன்னா?"

"அப்ப பின்னால ஒக்காருங்க. வரும்னா முன்னால என் பக்கத்துல ஒக்காரலாம்" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். நடந்தே வருகிறேன் என்றேன். சற்று தூரம் போன பிறகும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

பூண்டுலோயாவில் தலவாக்கலை பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காரவில்லை. வெளியே மூட்டமும் மலையும் ஒன்றாகக் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டு வந்தால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. வராமலே போய்விடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது. உள்ளே நின்று, பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரங்களைப் படித்துக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் சிங்களத்தில், "தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

தலவாக்கலையில் இறங்கியதும் போனைப் பார்த்தேன். அத்தை பலமுறை கூப்பிட்டிருந்தார். நான் மாமாவின் நம்பருக்கு எடுத்தேன். அவரிடம் பேசாமல் நுவரெலியா பஸ்ஸில் ஏற முடியாது என்று தோன்றியது.

"எங்கடா இருக்க?"

"தலவாக்கலையில மாமா."

"சாமி பஸ்லயா போவுது? டிக்கட் எடுத்துச்சா, இல்ல ஓசியா?"

"கேலி பண்ணாதீங்க. நான் ஒன்னு சொல்லணும். சாமியா சொல்லல. நான்தான் சொல்றேன்."

 பஸ் ஸ்டாண்டில் ஒருவர் லொத்தர் டிக்கட் கூவி விற்றுக்கொண்டிருந்தார். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அங்க கோவம் இல்ல மாமா."

"எங்க?"

"நேத்து நான் நின்ன எடத்துல. கோவப்படுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல, அந்தக் கோவத்த வாங்கிக்க வேற ஒருத்தர் வேணும்ல. அங்க ரெண்டு பேர் இல்ல. அதுல யாரு ஒங்க கால கேப்பா? கோழிக்காக யாரு கணக்கு வைப்பா?"



"என் கால் இருந்துச்சாடா அங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். பொய் வரக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன்.

"தனியா கால்னு நான் பாக்கல. ஆனா எதுவும் கொறைஞ்ச மாரி இல்ல. ஒன்னு எடுபட்டுப் போன எடம் மாரி எதுவும் இல்ல."

"எனக்கு இங்க கொறையுதுடா."

"தெரியும் மாமா."

"இதையே நீ நாளைக்கு கல்லுக்கு முன்னால நின்னு சொல்லியிருந்தா, சாமி சொல்லிச்சுன்னு எடுத்துக்கிட்டிருப்பேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு சொல்ற. எட்டாம் வகுப்ப முடிக்காத பய சொன்னான்னு நான் இத எங்க கொண்டு போயி வைக்கிறது?"

"தெரியல மாமா."

"ஒனக்கு என்னதான் தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

நுவரெலியா வழியாகக் கந்தப்பளைக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. உப்பளத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர் அங்கே மரக்கறிக் கடையில் இருந்தார். பின்னால் சாக்குகளின் மேல் படுத்துக்கொள்ளச் சொன்னார். கோவா இலையும் லீக்ஸும் நாறின. மாமாவிடம் சொன்னதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சொன்னது உண்மைதான். ஆனால் உண்மை அவருக்கு உதவாமல் போனால், பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றியது. அது என்னிடம் வந்ததற்குப் பதில் சரியாகப் பேசத் தெரிந்த ஒருவரிடம் வந்திருக்கக் கூடாதா?

விடிந்ததும் உப்பள நண்பர் என்னைக் கரட் கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ரோட்டோரம் ஓடையை மறித்துக் கட்டிய சிமெந்துத் தொட்டி. லொறி கொழும்புக்குப் போகும் முன் கரட்டை மூட்டை மூட்டையாக அதில் கொட்டி, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் தண்ணீரில் இறங்கி, காலால் மிதித்துக் கையால் தேய்த்து மண்ணைப் போக்க வேண்டும். ஆட்கள் ஏற்கெனவே உள்ளே நின்றார்கள். பொறுப்பாக இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தை.

"பூசைய முடிச்சிட்டாங்க. நீ இல்லைன்னு இன்னொரு சேவல அறுத்து, மன்னிப்பு கேட்டு, கத்திய எடுத்துட்டாங்க" என்றார். குரல் தணிந்தது. "அவரு பெட்டிய எடுத்துக் குடுன்னு கேட்டாரு. குடுத்தேன். தொறந்து, கால மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. மாட்டவும் மாட்டேங்குறாரு, திருப்பிக் குடுக்கவும் மாட்டேங்குறாரு. நீ என்னடா சொன்ன?"

"நடந்தத சொன்னேன் அத்தை."

"அப்ப வந்து இன்னொரு தடவ சொல்லு. இன்னும் கொஞ்சம்தான். நீ வந்து பக்கத்துல நின்னா மாட்டிக்குவாரு."

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில்தான் இருந்தது. போனால் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம். ஆனால் நான் பக்கத்தில் நின்று அவர் காலை மாட்டினால், அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் நான் நிற்க வேண்டியிருக்கும். நான் எங்கும் அவ்வளவு நாள் நின்றவனில்லை. அதைவிட, நான் இல்லாமல் அவர் தானாகப் பெட்டியைக் கேட்டிருக்கிறார்.

"அவசரப்படுத்தாதீங்க அத்தை. அந்தக் கால் வார எப்பிடி கட்டுறதுன்னு மட்டும் ஒரு தடவ காட்டிட்டு நீங்க வேலைக்கு போங்க" என்றேன். "அவரு தனியா இருக்கட்டும்."

"விழுந்துட்டா?"

 அவர் வைக்கும்வரை நான் வைக்கவில்லை.

பொறுப்பானவர் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். "என்னடா, வீட்டுல யாருக்கும் சுகமில்லையா? வேலைக்கு நிப்பியா, ஓடிருவியா?"

"நிப்பேண்ணே."

"முன்ன என்ன வேல?"

"கவ்வாத்து."

"கவ்வாத்து ஆளு ஏன் தண்ணிக்கு வர்ற? மயக்கம் கியக்கம் வருமா? உள்ள விழுந்தா எனக்குத்தான் கேசு."

வராது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "ஒரு தடவ என்னமோ வந்திச்சுண்ணே. மறுபடி வருமான்னு தெரியல" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். ஆள் போதவில்லை. "சரி, ஓரத்துல நிக்காத. நடுவுல எறங்கு. ரெண்டு பக்கமும் ஆளு இருப்பாங்க" என்றார்.

சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினேன். குளிர் எலும்புவரை ஏறியது. காலடியில் கரட் உருண்டது. வலப்பக்கம் நின்றவர் என்னைவிட வயதில் மூத்தவர். "என்ன தம்பி, பல்லு அடிக்குது? பேசிக்கிட்டே மிதி, குளிரு தெரியாது" என்றார். பஸ்ஸில் விளம்பரங்களைப் படித்ததைப் போல, எங்கே பிறந்தீங்க, எத்தனை பிள்ளைங்க, இந்தத் தண்ணி எங்கிருந்து வருது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டே மிதித்தேன்.